இல்லறம் என்னும் சொல்

இல்லறம் என்ற சொல்லைக் கேட்டறியாத தமிழர் இலர். கல்யாண அழைப்பிதழில் அது உண்டு, வாழ்த்துமடலில் உண்டு, மரண அறிவித்தலில் உண்டு, வார இதழ்களில் வைத்தியர் விடையளிக்கும் பகுதியிலும் உண்டு. இவ்வளவு பழகிய சொல்லுக்குப் பொருள் கேட்டால் மாணவர் எழுதும் விடை பெரும்பாலும் ஒன்றே: கணவனும் மனைவியும் கூடி வாழும் வாழ்க்கை. இன்னுஞ் சிலர் அதனையுஞ் சுருக்கித் திருமணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். விடை முழுதும் பிழை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அரிசியை விட்டு உமியை அளந்த விடை அது.

இந்தக் குறை மாணவரது குறையன்று. ஊர் முழுதும் அப்படியே வழங்கும்போது மாணவர் வேறெங்கே கற்பர்? ஒரு சொல்லின் பொருள் சுருங்குவதால் அகராதிக்கு மாத்திரம் நட்டம் என்றால் பேசாமல் விட்டுவிடலாம். இச்சொல் சுருங்கியதால் மனிதருக்கு நட்டம் வந்திருக்கிறது. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகள் இச்சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவ்வீடுகளில் நடப்பதற்குப் பெயரில்லாமற் போய்விட்டது. ஆதலின் இவ்வாரம் இச்சொல்லை ஆராய எடுத்துக்கொண்டேன்.

முதலிற் சொல்லின் அமைதியைப் பார்ப்போம். இல் என்பதும் அறம் என்பதும் சேர்ந்து இல்லறம் ஆயின. தனிக்குறிலை அடுத்து நின்ற லகரவொற்று, வருமொழி முதலில் உயிர் வர, இரட்டித்தது. இல்லின்கண் இருந்து செய்யும் அறம் என்று விரியும். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் ஒருங்கு தொக்க தொகை. இத்தகைய தொகையிலே பொருள் பின்மொழிமேல் நிற்கும் என்பது இலக்கணம் படித்தார் அறிந்தது. மலைக்கோயில் என்றால் அது கோயில், மலையன்று. குளத்துமீன் என்றால் அது மீன், குளமன்று. அவ்வாறே இல்லறம் என்றால் அது அறம். இல் என்பது அந்த அறம் நிகழும் இடம். கணவனைக் குறிப்பதாகவோ மனைவியைக் குறிப்பதாகவோ இச்சொல்லில் ஓர் எழுத்தும் இல்லை.

இல் என்ற சிறுசொல்லும் நின்று பார்க்கத்தக்கது. அதற்கு வீடு என்றும் பொருள். இன்மை என்றும் பொருள். தெலுங்கர் இன்றும் வீட்டை இல்லு என்பர். நன்னூலார் ஏழாம் வேற்றுமை உருபுகளுள் 'இல்' என்பதையும் வைத்து எண்ணுவர். இல்லாள் என்றால் மனைவி. அப்படியானால் இல்லான் என்பவன் கணவனாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. இல்லான் என்பவன் பொருளில்லாத வறியவன். பெண்ணை இல்லுக்கு உரியவளாகச் சொன்ன மொழி, ஆணை அவ்வாறு சொல்லவில்லை. அதற்கு மேலும் ஒருபடி சென்று, இல் என்ற சொல்லையே மனைவிக்குப் பெயராக்கினர் முன்னோர். திருக்குறளில் 'பிறனில் விழையாமை' என்றோர் அதிகாரம் உண்டு. அங்கே இல் என்பது பிறன் வீட்டைக் குறிக்கவில்லை. பிறன் மனைவியைக் குறிக்கிறது. ஆகுபெயர். மனை என்ற சொல்லும் இவ்வாறே நின்று மனைவியைக் குறிப்பதுண்டு. அவள் இருக்கும் இடமே இல் என்பது இவ்வழக்கின் உட்கிடை. அங்ஙனமாயின், அவள் இருக்க அவன் இல்லாத வீட்டை இல் அன்று என்று சொல்ல எந்த இலக்கணம் நமக்கு இடந்தரும்? இந்த வினாவை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

ஔவையாரின் கொன்றைவேந்தன் இல்லறம் என்ற சொல்லைப் பாலர் வகுப்பிலேயே நமக்கு அறிமுகஞ் செய்துவிடுகிறது. திருவள்ளுவர் குறட்பாக்களில் எடுத்தாண்ட சொல் இல்வாழ்க்கை. அதனை முதலாகக் கொண்டு, 5 ஆம் அதிகாரந் தொடக்கம் 24 ஆம் அதிகாரம் ஈறாக 20 அதிகாரங்கள் இல்லறவியல் என்ற இயலாக அமைந்துள்ளன. இல்லறம் என்பது கணவன் மனைவி கூட்டுறவே ஆயின், இந்த 20 அதிகாரமும் அதனையன்றோ பேசவேண்டும்? எண்ணிப் பாருங்கள். மனைவியைப் பற்றியது வாழ்க்கைத் துணைநலம் என்ற ஓர் அதிகாரம். மக்களைப் பற்றியது மற்றோர் அதிகாரம். ஏனையவை எவை? அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றியறிதல், நடுவுநிலைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை என்று செல்கின்றன. ஈற்றில் நிற்பவை ஒப்புரவறிதல், ஈகை, புகழ். அயலாரைப் புறங்கூறாமையும் பயனில்லாத பேச்சை விடுதலும்கூட அவருக்கு இல்லறத்தின் பகுதிகள். வீட்டு வாசலுக்கு உள்ளே நடப்பதிலும் வெளியே நடப்பதே இவ்வியலில் மிகுதி.

காதலர் இருவரது இன்பத்தை வள்ளுவர் பாடாமல் விட்டாரல்லர். அதற்குத் தனியே ஒரு பால் வகுத்து 25 அதிகாரஞ் செய்தார். அதனை அறத்துப்பாலோடு கலக்கவில்லை. இக்காலத்து இதழ்கள் 'இல்லற சுகம்' என்று எழுதும்போது, வள்ளுவர் வெவ்வேறாக வைத்த இரண்டு பெட்டகங்களை ஒரே பாயிற் கொட்டிவிடுகின்றன.

இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதல் மூன்று குறளையும் படிப்பிக்கும்போது மாணவரை விரல்விட்டு எண்ணச் சொல்வது என் வழக்கம். முதற் குறளில் மூவர். பரிமேலழகர் உரைப்படி, கற்கும் பிரமசாரி, காட்டில் நோன்பு செய்யும் வானப்பிரத்தன், முற்றத் துறந்த சந்நியாசி ஆகியோர் அவர். இரண்டாங் குறளிலும் மூவர்: காப்பவராற் கைவிடப்பட்டவர், நுகர்தற்குப் பொருளில்லாத வறியவர், தமர் ஒருவரும் இன்றி இறந்தவர். மூன்றாங் குறளில் ஐவர்: தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம், தான். ஆகப் பதினொருவர். இந்தப் பதினொருவர்க்கும் வேண்டுவன செய்பவரே இல்வாழ்வார். அரசன் கொள்ளும் இறை ஆறில் ஒரு பங்காக அமைந்ததற்கும் பரிமேலழகர் இவ்விடத்திற் காரணங் காட்டுவர். மற்றை ஐந்து பங்கும் இந்த ஐவர்க்கு வேண்டும் என்பது அவர் கணக்கு. தனக்கென்று எடுத்துக்கொள்ளக்கூடியது ஆறில் ஒன்று. அந்தத் 'தான்' வரிசையிலும் கடைசியில் நிற்கிறது. இப்பதினொருவருள் மனைவி தனியே எண்ணப்படவில்லை என்பதையும் மாணவர் கண்டுபிடிப்பர். அவள் பெறுவார் வரிசையில் நிற்பவள் அல்லள். செய்வார் பக்கத்தில் நிற்பவள்.

இதனால் இல்லறம் என்பது செய்தற்குரிய ஒன்று என்பது பெறப்படும். ஆதலினாலே இல்லறஞ் செய்தல், இல்லறம் நடத்துதல் என்று வினை கொடுத்து முடித்தல் பொருந்தும். இன்று அழைப்பிதழ்களில் நாம் காண்பது இல்லறத்தில் இணைதல், இல்லற பந்தத்திற் புகுதல். வினை மாறியதைக் கவனியுங்கள். செய்யவேண்டியதாக இருந்தது, புகுந்துகொள்ளும் ஓர் அறையாகிவிட்டது. முகூர்த்தம் முடிந்ததும் இல்லறமுங் கைகூடிற்று என்ற எண்ணம் இந்த வினைமாற்றத்தோடு வந்தது. புகுந்த இருவரில் ஒருவர் போய்விட்டால் அறையும் பூட்டப்பட்டது என்ற எண்ணமும் அதனோடு ஒட்டி வந்தது.

இதற்கு உறவான வேறு வழக்குகளும் உள. பெண் கணவன் வீட்டுக்குப் போவதை வாழ்க்கைப்படுதல் என்கிறோம். ஆண் எவனும் வாழ்க்கைப்பட்டதாகக் கேட்டதில்லை. கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் இருப்பவளை வாழாவெட்டி என்று சொல்ல நாக்குக் கூசுவதில்லை. அவள் விடியமுன் எழுந்து பத்துப் பேருக்குச் சமைத்தாலென்ன, நோயுற்ற தாய் தந்தையரைப் பார்த்தாலென்ன, தமையன் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தாலென்ன, ஊருக்கு அவள் வாழாதவளே. வாழ்தல் என்ற பரந்த வினையைக் கணவனோடு இருத்தல் என்ற ஒன்றுக்குள் அடைத்ததன் விளைவு இது. இல்வாழ்க்கையில் நிற்கும் வாழ்வும் வாழாவெட்டியில் நிற்கும் வாழாமையும் ஒரே வினையடியிற் பிறந்தவை. முன்னதை வள்ளுவர் பதினொருவரைக் கொண்டு அளந்தார். பின்னதை ஊர் ஒருவனைக் கொண்டு அளக்கிறது.

இவ்விடத்தில் நான் கண்ட ஒரு செய்தியைச் சொல்லல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளிற் கல்வெட்டுப் படிப்பதும் அதனை அச்சிட்டு வழங்குவதும் வழக்கம். அதன்பொருட்டுப் பண்டிதர் வீட்டுக்கு ஆள் வருவதும் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மகள் தம் தாயாருடைய கல்வெட்டுக்காக என்னிடம் வந்தார். உறவில் மூத்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்பு அவர் கையில் இருந்தது. பிறந்த ஊர், கல்வி, விவாகம் என்று வரிசையாகச் சென்ற அக்குறிப்பில் 'இல்லறம் 6 ஆண்டு' என்று ஒரு வரி. கணவர் 1987 இல் ஷெல் வீச்சில் இறந்தவர். அதன்பின் அவ்வம்மையார் உயிரோடிருந்தது 34 ஆண்டு. தையல் மெசின் ஒன்றைக் கொண்டு மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். கணவரின் தாயைக் கண்மூடும்வரை தம்மோடு வைத்துப் பார்த்தவர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் பெயர்ந்தபோது அந்த மாமியாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு நடந்தவர். தென்மராட்சியில் ஒதுங்கியிருந்த கொட்டிலிலே, முன்பின் தெரியாத ஒரு முதியவருக்கும் தம் பானையிலிருந்து கஞ்சி வார்த்தவர். இவை யாவும் மகள் வாயிலாக நான் கேட்டவை. குறிப்பில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

மகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "ஐயா, அப்பா போனாப் பிறகு அம்மா முப்பத்து நாலு வருஷம் எங்களோடை இருந்தவ. அந்த முப்பத்து நாலு வருஷத்துக்கும் என்ன பேர்?"

நான் அந்த வரியை வெட்டிவிட்டு, 40 ஆண்டு இல்லறம் நடத்தினார் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கணவர் இறந்த ஆண்டோடு பார்க்கக் கணக்கு ஒத்துவரவில்லை, திருத்தலாமா என்று கேட்டனர். கணக்கிற் பிழையில்லை, அப்படியே அச்சிடுங்கள் என்றேன். உறவினர் சிலர் முகஞ் சுளித்ததாகவும் பின்னர் அறிந்தேன். அவர்கள் அவ்வம்மையாரை அவமதிக்க நினைத்தவர் அல்லர். தாங்கள் அறிந்த பொருளிற் சொல்லை வழங்கினார்கள், அவ்வளவே. பொருள் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

அரச அலுவலகங்களில் இத்தகைய வீடுகளுக்கு ஒரு பெயர் உண்டு: பெண் தலைமைத்துவக் குடும்பம். நிவாரணம் எழுதவும் தொகை எண்ணவும் அப்பெயர் உதவுகின்றது. அதனை வேண்டாம் என்பார் இலர். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016 இல் நடத்திய குடும்ப வருமானச் செலவின ஆய்வு, இலங்கையில் ஏறத்தாழ நாலில் ஒரு குடும்பம் பெண்ணைத் தலைவராகக் கொண்டது எனக் காட்டிற்று. போரினால் மாத்திரம் வந்த தொகையன்று இது. முதுமையிலே துணையை இழந்தோர், பிரிந்து வாழ்வோர், கணவரைத் தொழிலின்பொருட்டுத் தொலைவுக்கு அனுப்பியோர் என்று பலவகையோரும் இத்தகைய வீடுகளில் உளர். நாலில் ஒரு வீடு என்பது ஒரு தெருவில் எத்தனை படலை என்று எண்ணிப் பாருங்கள். இத்தனை வீடுகளையும் புறத்தே நிறுத்திவிட்டு நாம் இல்லறம் என்ற சொல்லை ஆண்டுகொண்டிருக்கிறோம்.

அதே திணைக்களத்தின் தொழிற்படை ஆய்விலே, கூலியின்றி வீட்டு வேலையில் மாத்திரம் ஈடுபட்டிருப்போர் 'பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர்' என்ற நிரலிற் சேர்வர். இது உலகெங்கும் புள்ளிவிபரவியலார் கொண்ட பாகுபாடு. எவரையும் இழிவு செய்யும் நோக்கம் அதில் இல்லை. அத்திணைக்களமே 2017 இல் நேரப் பயன்பாட்டு ஆய்வொன்றை நடத்தி, வீட்டு வேலையிற் செல்லும் நேரத்தையும் அளந்தது. ஆயினும் தமிழ்க் காதுக்குச் 'செயற்படாதோர்' என்ற சொல் என்ன சொல்கிறது? வீட்டிலே சும்மா இருக்கிறா என்று நாம் சொல்வதையே அச்செழுத்திற் சொல்கிறது. அலுவலகத்தின் சொல் அலுவலகத்துக்குப் போதும். இலக்கியம் படித்தவர் கையில் அதனினும் நல்ல சொல் இருக்கவேண்டும். இருக்கிறது. நாம்தாம் அதனைக் கல்யாண அட்டையோடு முடித்துக்கொண்டோம்.

இங்கே நூற்பயிற்சியுடைய நண்பர் ஒருவர் தடை நிகழ்த்தக்கூடும். இல்வாழ்க்கை என்பதற்கு விளக்கங் கூறும் பரிமேலழகரே மனைவியோடு கூடி வாழ்தலை அன்றோ சொல்கிறார்? கணவனைப் பிரிந்த கண்ணகியும், தான் அறஞ் செய்யும் பேற்றை இழந்ததாகத்தானே வருந்துகிறாள்? அப்படியிருக்க, துணையில்லாத வீட்டில் இல்லறம் ஏது? தடை வலியது. விடையும் சொல்லல் வேண்டும்.

பரிமேலழகர் சொன்னது இல்லறத்துக்கு வாயில். வாயிலால் உள்ளே புகுந்தவர், இரட்டைக் கதவில் ஒன்று சாய்ந்துவிட்டதனால் வீட்டுக்கு வெளியே தள்ளப்படுவாரோ? வள்ளுவர் மனைவிக்குச் சொன்ன பெயர் வாழ்க்கைத்துணை. துணை என்பது வழிநடப்பார்க்கு உரிய சொல். இடையிலே துணையை இழந்தவர்க்குச் சுமை கூடும். இரவில் அச்சங் கூடும். போகவேண்டிய வழி அதுவே. மனைவியை இழந்து பிள்ளைகளை வளர்த்த தந்தையை யாரும் இல்லறத்தை விட்டவர் என்று சொல்லக் கேட்டதில்லை. ஆணுக்குச் சொல்லாத ஒன்றைப் பெண்ணுக்கு மாத்திரம் சொல்வது உரைக்குப் பொருந்தினும் நடுவுநிலைமைக்குப் பொருந்தாது. நடுவுநிலைமையும் இல்லறவியலில் ஓர் அதிகாரம்.

கண்ணகி கதை இன்னும் ஆழமானது. சிலப்பதிகாரத்தின் இரண்டாங் காதைக்கு மனையறம் படுத்த காதை என்று பெயர். கோவலனையும் கண்ணகியையும் தனி மனையில் இருத்தி அறம் நடத்தச் செய்த வரலாறு அதில் வருகின்றது. பின்னர் மதுரையிலே, கொலைக்களக் காதையில், பிரிந்திருந்த நாட்களில் தான் இழந்தவற்றைக் கண்ணகி கணவனுக்கு எடுத்துச் சொல்கிறாள். எவற்றைச் சொல்கிறாள்? கழிந்த இளமையையா, கழற்றிய நகைகளையா? அறநெறியாளருக்கு ஈதல், அந்தணரைப் பேணுதல், துறவிகளை வரவேற்றல், விருந்தினரை உபசரித்தல் என்ற நான்கையுமே சொல்கிறாள். துயர் மிகுந்த ஒருத்தி, கணவனோடு தனித்திருக்கும் வேளையிலே, தன் இழப்பாக எண்ணியவை இவை. மனையறம் என்ற சொல்லின் உயிர் எங்கே இருந்தது என்பதற்கு இது போதிய சான்று. அவற்றைக் கணவனின்றிச் செய்யலாகாது என்று அவளைத் தடுத்தது அக்காலத்து வழக்கம். கைம்மை நோன்பையும் உடன்கட்டையையும் நாம் விட்டுவிட்டோம். அவற்றை விட்டவர்கள், அவற்றோடு பிறந்த இந்தத் தடையை மாத்திரம் ஒரு சொல்லுக்குள் ஒளித்து வைத்திருத்தல் முறையாகாது.

மேலும், தமிழ் இலக்கியம் இதனை முன்னரே அறிந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் செய்த பெரியபுராணத்தை எடுங்கள். ஆறுமுக நாவலர் எழுதிய வசனத்தைப் படித்தவர்க்கும் இவ்வரலாறுகள் தெரிந்தவையே. தில்லையில் வாழ்ந்த குயவர் திருநீலகண்ட நாயனார். அவர் நெறி பிறழ்ந்தமை கண்ட மனைவியார், திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றனர். அவ்வாணையைப் போற்றி இருவரும் இளமை கழிந்து முதுமை வந்தெய்தும்வரை ஒரே வீட்டில் தீண்டாமல் வாழ்ந்தனர். அயலார் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எங்ஙனம் தெரியாமற் போயிற்று? வீட்டிற் செய்யவேண்டியவை ஒன்றுங் குறையாமல் நடந்தன; அடியார்க்குத் திருவோடு வழங்கும் தொண்டும் நிற்கவில்லை. அங்கே நின்றுபோனது காமத்துப்பாலுக்கு உரியது. இல்லறவியலுக்கு உரியது நடந்துகொண்டே இருந்தது. இரண்டும் வேறு என்பதற்கு இதனிலும் தெளிவான வரலாறு எனக்குத் தெரியவில்லை.

மற்றையது திருவாமூர்த் திலகவதியார் வரலாறு. அவரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசியிருந்தனர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்க்களஞ் சென்றார். இங்கே தந்தையார் புகழனார் இறந்தார். தாயார் மாதினியாரும் உடன் இறந்தார். பின்னர்க் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்தது. திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். தம்பியார் மருணீக்கியார் காலில் விழுந்து, நீங்கள் போனால் நான் முந்திப்போவேன் என்று அழுதார். அத்தம்பி உயிரோடிருக்கவேண்டும் என்ற இரக்கம் ஒன்றினாலே அவர் தம் உயிரைத் தாங்கினார். அத்தம்பியே பின்னாளில் நமக்குத் திருநாவுக்கரசர் ஆனவர்.

இந்த வீட்டை நன்றாகப் பாருங்கள். தாய் இல்லை, தந்தை இல்லை, கணவன் இல்லை, மனைவி இல்லை. இருப்பவர் ஒரு தமக்கையும் ஒரு தம்பியும். ஆயினும் அவ்வீட்டிலிருந்துதான் மருணீக்கியார் அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்தார், குளந் தொட்டார், விருந்தினருக்கு உணவு வழங்கினார் என்று சேக்கிழார் சொல்கிறார். கணவன் மனைவி என்ற இணை அறவே இல்லாத ஒரு வீட்டில், விருந்தோம்பலும் ஈகையும் ஒப்புரவும் ஒன்றுங் குறையாமல் நடந்திருக்கின்றன. அவ்வீட்டை நடத்திய திலகவதியாரின் வாழ்வுக்குச் சேக்கிழார் தேர்ந்த சொல் மனைத்தவம். காட்டுக்குப் போய்ச் செய்வது தவம் என்று உலகம் சொல்ல, மனையின்கண் இருந்து செய்ததும் தவம் என்றார் அவர். போரிலே உரியவரை இழந்து, வளர்க்கவேண்டிய ஓர் உயிருக்காகத் தன் உயிரைத் தாங்கிக்கொண்ட பெண்ணை நம் காலத்திலும் அறிவோம். அவளுக்குரிய சொல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் புராணத்தில் இருக்கிறது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தவம் என்று புகழ்ந்துவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ளலாகாது. புகழ்ச்சி சிலவேளை உதவிக்குப் பதிலாகக் கொடுக்கப்படுவதுண்டு, செலவு குறைவு. அவ்வம்மையார் அருந்தவம் செய்தவர் என்று மேடையிற் சொல்லிவிட்டு, அவர் காணியின் எல்லைவேலியை ஓரடி நகர்த்துகின்ற அயலாரும் நம்மிடையே உளர். நன்மை நடக்கும் வீட்டுக்கு அவர் முன்னே வந்தால் சகுனம் பார்க்கும் சுற்றத்தாரும் உளர். ஆதலினால் நான் மனைத்தவம் என்பதைச் சிறப்புப் பெயராகவும், இல்லறம் என்பதைப் பொதுப் பெயராகவும் வழங்கவே விரும்புகின்றேன். தவஞ் செய்வாரை உலகம் தனித்திருக்க விட்டுவிடும். இல்லறஞ் செய்வாருக்கோ கொடுக்கல் வாங்கல் உண்டு. சபையில் இடம் உண்டு. மகளின் கல்யாணத்தில் முன்வரிசை உண்டு.

சொல்லின் பழைய பொருளை மீட்டால், வெளியே நின்ற சில வீடுகள் உள்ளே வரும். உள்ளே நின்ற சில வீடுகள் தம்மைத் தாமே வினவிக்கொள்ளவும் நேரும். பழைய யாழ்ப்பாணத்து வீடுகளில் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேலே கூரையிட்டு, இருமருங்கும் இருக்கத் திண்ணை வைத்து, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கச் செய்த அமைப்பு அது. சிலர் குடிதண்ணீரும் வைப்பர். வருபவர் யார் என்று தெரியாது. வீட்டாரைக் கேட்டுத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இல்லறம் கட்டிவைத்த ஓர் இருக்கை என்று அதனைச் சொல்லலாம். இன்று அவை மிக அருகிவிட்டன. மதில் உயர்ந்தது, இரும்புக் கேற்று வந்தது, கேற்றில் நாய் கவனம் என்ற பலகையும் வந்தது. காலம் அப்படி என்பதை அறிவேன்; திருடர் பயம் பொய்யன்று. ஆயினும் கணவனும் மனைவியும் குறையின்றி இருந்து, பதினோராமவராகிய 'தான்' ஒருவருக்கே ஆறு பங்கையும் செலவு செய்யும் வீடு ஒன்று இருந்தால், அங்கே மணவாழ்வு உண்டு; இல்லறம் உண்டோ என்பதை வள்ளுவர் கணக்கைக் கொண்டு அவ்வீட்டார்தாம் சொல்லவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எழுத்தாளருக்கும் நான் வேண்டுவன சிலவே. வகுப்பறையில் இல்லறம் என்ற சொல் வந்தால், இணையிலிருந்து தொடங்காமல் அறத்திலிருந்து தொடங்குங்கள். பதினொருவரையும் எண்ணச் செய்யுங்கள். வாழ்த்துமடல் எழுதுவோர், இல்லறத்தில் இணைந்தீர் என்பதற்குப் பதிலாக இல்லறம் நடத்துவீராக என்று எழுதுங்கள்; மணமக்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது அப்போதாயினும் தெரியட்டும். கல்வெட்டும் நினைவுமலரும் எழுதுவோர், ஒருவர் இல்லறம் நடத்திய ஆண்டுகளை விவாகப் பதிவைக் கொண்டும் மரணப் பதிவைக் கொண்டும் கழித்துக் கணக்கிடாதீர்கள். உலை எத்தனை ஆண்டு எரிந்தது, அந்தச் சோற்றை உண்டவர் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். வாழாவெட்டி என்ற சொல்லைக் கதையிலே ஒரு பாத்திரத்தின் வாய்மொழியாக எழுத நேர்ந்தாலன்றி எழுதாதீர்கள். அங்கும் அது சொல்பவரின் சிறுமையாகவே விளங்கட்டும்.

வள்ளுவர் இரண்டாவதாக எண்ணிய மூவரை மீண்டும் நினைவூட்டி இதனை முடிக்கின்றேன். கைவிடப்பட்டவர், வறியவர், தமரின்றி இறந்தவர் ஆகிய மூவரும் அவ்வரிசையில் தெய்வத்துக்கும் விருந்துக்கும் சுற்றத்துக்கும் முன்னதாக நிற்கின்றனர். துணையை இழந்தும் வீட்டை நடத்துகின்ற ஒருத்தி, இல்லறஞ் செய்பவளாகவும் இருக்கிறாள். மற்றையோரது இல்லறம் சென்று சேரவேண்டிய இடமாகவும் இருக்கிறாள். அவள் வீட்டுப் படலை நம் தெருவிலேதான் இருக்கிறது. பிள்ளையின் பரீட்சைக் கட்டணமோ, கிணறு இறைக்க ஓர் ஆளோ, கச்சேரிக்குக் கொடுக்கவேண்டிய விண்ணப்பத்தை எழுதித் தர ஒரு கையோ, அவளுக்கு வேண்டியது எதுவென்று போய்க் கேட்பதற்கு நாளும் முகூர்த்தமும் பார்க்கவேண்டியதில்லை.